'ஆம்' என்று டிக் போடச் சொன்ன இன்சூரன்ஸ் ஆபீஸ்

மதுரை அண்ணா நகரில் இரண்டாவது மாடியில் இருக்கும் ஒரு சின்ன இன்சூரன்ஸ் புரோக்கர் ஆபீஸைப் பற்றி எழுதுகிறேன். ஆபீஸின் பெயரையும் அங்கே எங்களுக்கு உதவிய அம்மாவின் பெயரையும் போடவில்லை. என் மகளின் உடம்பைப் பற்றி எழுதப் போகிறேன். இடத்தையும் ஆளையும் சேர்த்துச் சொன்னால் தெரிந்தவர்கள் யார் வீடு என்று கண்டுபிடித்துவிடுவார்கள். மகள் இதை முழுக்கப் படித்து, இரண்டு இடத்தில் அடித்துத் திருத்தி, "இது போகட்டும்ப்பா" என்று சொன்ன பிறகுதான் போடுகிறேன்.

மகளுக்கு வலிப்பு நோய் உண்டு. 2017இல், பதினொன்றாம் வகுப்பில் இருந்தபோது முதல் தடவை வந்தது. பள்ளிக்கூடத்தில் காலைக் கூட்டத்தில் நின்றவள் அப்படியே விழுந்தாள். யாரோ கையில் இரும்புச் சாவியைத் திணித்திருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோதும் அந்தச் சாவியைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். அன்றிலிருந்து காலையும் இரவும் மாத்திரை. படிப்பை முடித்தாள், ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறாள், வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ தடவைதான் வருகிறது. ஆனால் வீட்டுக்கு வெளியே நாங்கள் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு நோயைத் திருமணத்துக்குத் தடையாக வைத்திருந்த சொல்லை 1999லேயே நீக்கிவிட்டார்கள். இதை எனக்குச் சொன்னவர் அவளைப் பார்க்கும் நரம்பியல் டாக்டர். சட்டம் மாறி இத்தனை வருஷம் ஆகியும் ஜாதகம் கொண்டு வருகிறவர்கள் முதலில் விசாரிப்பது இதைத்தான்.

இந்தப் பயம் இருந்ததால்தான் 2021இல் ஒரு தப்பு நடந்தது. எங்கள் குடும்பத்துக்கு முதல் மெடிக்கல் பாலிசி போட்டவர் காலையில் என்னோடு நடைப்பயிற்சிக்கு வருகிற ஒரு ஏஜென்ட். மகளுக்கு மாத்திரை ஓடுகிறது என்று சொன்னேன். "அண்ணே, அதெல்லாம் எழுதுனா பாலிசியே கிடைக்காது. நான் பாத்துக்கிறேன், நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க" என்றார். எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாகக்கூட இருந்தது. ஒரு தாளிலாவது அந்தச் சொல் இல்லாமல் போகிறதே என்று நினைத்தேன். பாலிசி கேட்டு நிரப்பும் ப்ரொபோசல் ஃபார்மில் நோய் பற்றிய கேள்வி எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று டிக் விழுந்திருந்தது. கீழே என் கையெழுத்து.

2022 நவம்பரில் அவளுக்கு டெங்கு. ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள், 58,400 ரூபாய் பில். டெங்குவுக்கும் வலிப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் சேர்க்கும்போது டியூட்டி டாக்டர் கேட்க, என் மனைவி என்ன மாத்திரை ஓடுகிறது என்று சொல்லியிருக்கிறாள். சொல்லாமல் எப்படி இருக்க முடியும்? டிஸ்சார்ஜ் சம்மரியின் இரண்டாவது வரியில் 2017 முதல் வலிப்புக்கு மருந்து எடுப்பவர் என்று ஏறிவிட்டது. கிளைமை நிராகரித்து டிசம்பரில் ஆங்கிலத்தில் இரண்டு பக்கக் கடிதம் வந்தது. முன்பே இருந்த நோயை மறைத்தீர்கள் என்று சொல்லிப் பாலிசியையும் ரத்து செய்துவிட்டார்கள். ஏஜென்ட் போனை எடுக்கவில்லை. மகள் அந்தக் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, "என்னாலதானப்பா" என்றாள். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இதை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அதற்கப்புறம் ஒன்றரை வருஷம் இன்சூரன்ஸே இல்லாமல் இருந்தோம். நடுவில் இன்னொருவர் வீட்டுக்கு வந்தார். பக்கத்து வீட்டு அம்மா வாசலில் பூ கட்டிக்கொண்டிருக்க, ஹாலில் உட்கார்ந்து "பொண்ணுக்கு ஃபிட்ஸ் எத்தனை வருஷமா இருக்கு சார்?" என்று உரக்கக் கேட்டார். மகள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டோம்.

அண்ணா நகர் ஆபீஸைச் சொன்னவர் என் பைண்டிங் கடைக்கு வரும் வாடிக்கையாளர் ஒருவர். அது புரோக்கர் ஆபீஸ். ஏஜென்டுக்கும் புரோக்கருக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு அதுவரை தெரியாது. ஏஜென்ட் கம்பெனியின் சார்பில் விற்கிறவர். புரோக்கர் பல கம்பெனி பாலிசிகளை எடுத்துக் காட்டலாம், சட்டப்படி வாடிக்கையாளரின் சார்பில் நிற்க வேண்டியவர். அவருக்கும் கமிஷன் கம்பெனியிடமிருந்துதான் வருகிறது. நம்மிடம் தனியாக ஃபீஸ் வாங்கவில்லை.

2024 ஜூன் மாதம் போன் செய்தேன். மகளுக்கு ஒரு உடம்புப் பிரச்சினை, அதை வைத்துப் பாலிசி கிடைக்குமா என்று மட்டும் கேட்டேன். என்ன பிரச்சினை என்று அந்த அம்மா போனில் கேட்கவில்லை. "பொண்ணுக்கு எத்தனை வயசுண்ணே?" என்றார். 23 என்றேன். "அப்ப அவங்களும் வரணும். அவங்க உடம்பு, அவங்க கையெழுத்து. நீங்க மட்டும் வந்தா நான் பொதுவா பேசலாம், ஃபார்ம் நிரப்ப முடியாது" என்றார். எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றிருந்தது. ஆறு வருஷமாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு அலைகிறவன் நான். ஆனால் மகளிடம் சொன்னபோது அவள் உடனே "எப்பப் போறோம்?" என்று கேட்டாள்.

முன்னறையில் மூன்று மேசை, நடுவில் பிளைவுட் தடுப்பு. பேசினால் பக்கத்து மேசைக்குக் கேட்கும். அந்த அம்மா எங்களை அங்கே உட்கார வைக்காமல் பின்னால் ஃபைல் அடுக்கிய ஒரு சின்ன அறைக்குக் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினார். முதல் ஐந்து நிமிஷம் பாலிசி பற்றிப் பேச்சே இல்லை. மகளைப் பார்த்து, "நீங்க இங்க சொல்றது ஃபார்ம்ல போகும். ஃபார்ம் கம்பெனிக்குப் போகும், அங்க இருக்கிற டாக்டர் படிப்பாரு. என் ஃபைல்ல ஒரு காப்பி இருக்கும். வேற எங்கயும் போகாது. இதைக் கேட்டுட்டு வேணாம்னு தோணுனா இப்பவே எந்திரிச்சுப் போகலாம், அதுல தப்பே இல்ல" என்றார். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார்: "உங்க பிரச்சினையை நீங்க என்ன சொல்லிக் கூப்பிடுவீங்க?"

மகள், "ஃபிட்ஸ்" என்றாள். அதற்குப் பிறகு இரண்டு மணி நேரமும் அந்த அம்மா ஃபிட்ஸ் என்றே சொன்னார். குரலைத் தாழ்த்தவும் இல்லை, 'அந்தப் பிரச்சினை' என்று சுற்றி வளைக்கவும் இல்லை. ஃபார்மில் எழுதும்போது மட்டும், "இங்க டாக்டர் எழுதுற பேரைத்தான் எழுதணும்" என்று சொல்லி, மருந்துச் சீட்டைப் பார்த்து எழுத்துக்கூட்டி எழுதினார்.

பழைய நிராகரிப்புக் கடிதத்தையும் எடுத்துப் போயிருந்தேன். முழுக்கப் படித்தார். இதுக்கு இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஆம்பட்ஸ்மனிடம் போயிருக்கலாம், சென்னையில் அண்ணா சாலையில் ஆபீஸ் இருக்கிறது, செலவில்லை, ஆனால் நிராகரித்து ஒரு வருஷத்துக்குள் போயிருக்க வேண்டும் என்றார். எனக்கு வயிறு எரிந்தது. உடனே, "போயிருந்தாலும் ஜெயிச்சிருப்பீங்கன்னு நான் சொல்ல மாட்டேண்ணே. ஃபார்ம்ல 'இல்லை'ன்னு இருக்கு, கீழ உங்க கையெழுத்து இருக்கு" என்றார். ஆறுதலுக்காக ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லாததால்தான் அதற்குப் பிறகு அவர் சொன்னதை எல்லாம் நம்பினேன். மகளிடம் திரும்பி, "டெங்கு கிளைம் போனது ஃபிட்ஸால இல்ல. அந்த டிக்கால" என்றார். வீட்டில் ஒன்றரை வருஷமாக எங்களில் யாருக்கும் அதைச் சொல்லத் தெரியவில்லை.

அப்புறம்தான் எக்ஸ்க்ளூஷன். பாலிசியில் எதற்குப் பணம் வராது என்ற பகுதி. பாலிசி விற்கிறவர்கள் இதைக் கடைசியில் அவசரமாகச் சொல்வார்கள், அல்லது சொல்லவே மாட்டார்கள். இவர் அதிலிருந்துதான் ஆரம்பித்தார். ஒரு ஏ4 தாளைப் படுக்கவாட்டில் வைத்து மூன்று கட்டம் போட்டார். முதல் கட்டத்துக்கு 'சீக்கிரம்', இரண்டாவதுக்கு 'காத்திருந்தால்', மூன்றாவதுக்கு 'எப்பவும் இல்லை' என்று தலைப்பு. அந்தத் தாள் இன்னும் எங்கள் ஃபைலில் இருக்கிறது.

விபத்துக்கு முதல் நாளிலிருந்தே உண்டு. டெங்கு, டைபாய்டு, குடல்வால் மாதிரியான மற்ற நோய்களுக்கு முதல் 30 நாள் கழித்து. இது சீக்கிரக் கட்டம். இரண்டாவதில் ஃபிட்ஸ். முன்பே இருக்கும் நோய்க்கான காத்திருப்புக் காலம் முன்பெல்லாம் 48 மாதம் வரை இருந்தது, 2024 ஏப்ரல் 1 முதல் 36 மாதத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்று இன்சூரன்ஸ் கம்பெனிகளை ஒழுங்குபடுத்தும் அமைப்பான ஐஆர்டிஏஐ குறைத்திருந்தது. அதாவது எங்களுக்கு 2027 ஜூன் வரை. கண்புரை, குடலிறக்கம், கர்ப்பப்பைக் கட்டி மாதிரியான சிலவற்றுக்கும் 24 மாதம் என்று அதே கட்டத்தில் எழுதினார்.

நான் இதோடு முடிந்தது என்று நினைத்தேன். அந்த அம்மா, "இல்லண்ணே, இதுக்குள்ள ஒரு வார்த்தை இருக்கு" என்று பாலிசியைத் திருப்பிக் காட்டினார். முன்பே இருக்கும் நோயும் 'அதன் நேரடிச் சிக்கல்களும்' என்று இருந்தது. 2019இல் ஐஆர்டிஏஐ விலக்குகளின் வாசகத்தைப் பொதுவாக வரையறுத்தபோது வந்த சொல், எந்தக் கம்பெனியிலும் இதே வாசகம்தான் என்றார். மகள் சட்டென்று கேட்டாள்: "ஃபிட்ஸ் வந்து விழுந்து கை ஒடிஞ்சா, அது விபத்தா, ஃபிட்ஸா?"

அந்த அம்மா பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார். "நல்ல கேள்வி. கிடைக்கும்னு நான் சொல்ல மாட்டேன். ஃபிட்ஸ் வந்து விழுந்தாங்கன்னு ஆஸ்பத்திரில எழுதுனா, கம்பெனி அதை நேரடிச் சிக்கல்னு சொல்லலாம். நாம சண்டை போடலாம். ஆனா மூணு வருஷம் வரைக்கும் அந்தப் பணம் வராதுன்னே வெச்சுக்கங்க, கையில கொஞ்சம் தனியா எடுத்து வைங்க. பஸ்ல போகும்போது வேற வண்டி வந்து இடிச்சா, அது விபத்து. அதுல சந்தேகம் இல்ல" என்றார். மகள் வண்டி ஓட்டுவதில்லை, டாக்டர் கூடாது என்று சொல்லியிருக்கிறார். ஆபீஸுக்கு பஸ்தான். அந்த உதாரணம் அவளுக்காகவே சொன்னது.

மூன்றாவது கட்டத்தில் எழுதியதுதான் எனக்குப் பெரிய செய்தி. வெறும் பரிசோதனைக்காக, நோயைக் கணிப்பதற்காக மட்டும் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் அந்தச் செலவு வராது. இதுவும் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான விலக்கு. 2019இல் மகளை இரண்டு ராத்திரி ஆஸ்பத்திரியில் வைத்து, தலையில் ஒயர் ஒட்டி, மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் வீடியோ இஇஜி எடுத்தார்கள். அது மாதிரி மறுபடியும் எடுக்க வேண்டி வந்தால், மூன்று வருஷம் முடிந்த பிறகும் பணம் வராமல் போகலாம். ஃபிட்ஸ் வந்து, சிகிச்சைக்காகச் சேர்த்து, அதன் பகுதியாக எடுத்தால் விஷயம் வேறு. மாசா மாசம் வாங்குகிற மாத்திரையும் வராது, டாக்டர் ஃபீஸும் வராது. "உங்க செலவுல பாதி இந்தக் கட்டத்துலதான் இருக்கு. அதைத் தெரிஞ்சுக்கிட்டு பாலிசி வேணுமான்னு முடிவு பண்ணுங்க" என்றார்.

பிரசவம் பற்றிப் பேச வேண்டிய இடம் வந்தபோது நிறுத்திவிட்டு மகளைப் பார்த்தார். "இதை அப்பா இருக்கும்போது பேசலாமா, தனியாப் பேசணுமா?" மகள் என்னைப் பார்த்தாள். நான் எழுந்து வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். பத்து நிமிஷம் ஆனது. என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. திரும்பிப் போனபோது மூன்றாவது கட்டத்தில் 'பிரசவம்' என்று மகளின் கையெழுத்தில் எழுதியிருந்தது, பக்கத்தில் ஒரு டாக்டரின் பெயர். மாத்திரையை மாற்ற வேண்டுமா என்று கேட்கச் சொல்லியிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. வலிப்புக்குக் கொடுக்கும் சில மருந்துகள் வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு ஆகாது. இதைப் பேச ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸ் தேவைப்பட்டது எனக்கு வருத்தம்தான். ஆனால் யாரோ ஒருவர் பேசினாரே.

இரண்டு கம்பெனிக்கு விவரம் அனுப்பினார். ஒன்று, வலிப்பு நோயை நிரந்தரமாக விலக்கி, நீங்கள் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் பாலிசி தருகிறோம் என்றது. 2019 விதிகளிலேயே இப்படிச் சம்மதத்தோடு விலக்கக்கூடிய நோய்களின் பட்டியல் இருந்தது. அதில் புற்றுநோய், பார்க்கின்சன், ஹெபடைடிஸ் பி இவற்றோடு வலிப்பும் உண்டு. இன்னொரு கம்பெனி 36 மாதக் காத்திருப்போடு 25 சதவீத லோடிங், அதாவது நோய் இருப்பதால் கூடுதல் பிரீமியம், கேட்டது. முதலாவது பிரீமியம் குறைவு. நான் அதில் சாய்ந்தேன். அந்த அம்மா என்னை வற்புறுத்தவில்லை, இரண்டு கடிதத்தையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, "இதுல கையெழுத்துப் போட்டா 2027இலயும் இல்ல, 2047இலயும் இல்ல. அவங்களுக்கு அப்ப 46 வயசு" என்று மட்டும் சொன்னார். மகள் இரண்டாவதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

10 லட்சத்துக்கு அடிப்படை பிரீமியம் 9,200. லோடிங் 2,300. அன்றைக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 2,070. மொத்தம் 13,570 ரூபாய். தனிநபர் மெடிக்கல் பாலிசிக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி எடுத்துவிட்டார்கள், அதனால் அந்தத் தேதிக்குப் பிறகு வரும் புதுப்பிப்பில் அந்தப் பகுதி இருக்காது. குடும்பம் முழுக்க ஒரே பாலிசி போட்டால் மலிவாக வருமே என்று கேட்டேன். மகளுக்குத் தனியாகப் போடச் சொன்னார். கல்யாணம் ஆனாலும் ஆகாவிட்டாலும் அந்தப் பாலிசி அவள் பெயரில் தொடர வேண்டும், தாள் அவள் கையில் இருக்க வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். கமிஷனில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளக் கூடாதா என்றும் கேட்டுப் பார்த்தேன். பழைய ஏஜென்ட் ஆயிரம் ரூபாய் திருப்பித் தந்திருந்தார். 1938ஆம் வருஷத்து இன்சூரன்ஸ் சட்டத்திலேயே அது கூடாது என்று இருக்கிறது என்று சொல்லிவிட்டார்.

ஒரு விஷயம் கேட்கவா வேண்டாமா என்று தயங்கித்தான் கேட்டேன். தொடர்ந்து ஐந்து வருஷம், அதாவது 60 மாதம் பாலிசி ஓடிவிட்டால், மோசடி என்று நிரூபித்தாலொழிய, நோயைச் சொல்லவில்லை என்ற காரணத்துக்காகக் கிளைமை மறுக்க முடியாது என்று எங்கோ படித்திருந்தேன். முன்பு எட்டு வருஷமாக இருந்ததை 2024இல் குறைத்தார்கள். அப்படியானால் சொல்லாமலே ஐந்து வருஷம் ஓட்டிவிடலாமே? அந்த அம்மா கோபப்படவில்லை. "மறந்துபோய் விட்டவங்களுக்காக வந்த விதிண்ணே அது. தெரிஞ்சே மறைச்சதை மோசடின்னு அவங்க சொன்னா, அதுக்கு உங்ககிட்டப் பதில் இருக்கணும். அந்த அஞ்சு வருஷமும் ஒவ்வொரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் இந்தப் பொண்ணு டாக்டர்கிட்டப் பொய் சொல்லணும். என்ன மருந்து சாப்பிடுறேன்னு மறைச்சா உயிருக்கே ஆபத்து. அதுக்கு நான் ஃபார்ம் நிரப்ப மாட்டேன்" என்றார். அதற்கப்புறம் நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பாலிசி வந்ததும் மறுபடி கூப்பிட்டார். பாலிசியின் சுருக்கத்தைத் தமிழில் கேட்டால் தர வேண்டும் என்பது விதி. கேட்டு வாங்கி வைத்திருந்தார். அதிலிருக்கும் தமிழ் வாசிக்கக் கடினமாக இருந்தது, 'முன்னிருப்பு நோய்' என்றெல்லாம். வரி வரியாக வாசித்து, மகளை அவள் வார்த்தையில் திருப்பிச் சொல்லச் சொன்னார். நேரடிச் சிக்கல் இடத்தில் மகள் தவறாகச் சொன்னாள், மறுபடி விளக்கினார். 30 நாளுக்குள் பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கலாம் என்ற தேதியையும் உறையின் மேலேயே எழுதித் தந்தார்.

குறையைச் சொல்லாமல் விடக் கூடாது. 2025 ஜூன் புதுப்பிப்புக்கு நினைவூட்டல் வாட்ஸப் செய்தி வந்தது. என் கடை நம்பருக்கு. அந்தப் போன் மேசையிலேயே கிடக்கும், கடைப் பையன்கள் இரண்டு பேரும் ஆர்டர் பார்ப்பார்கள். செய்தியில் மகளின் பெயர், பாலிசி நம்பர், பக்கத்தில் வலிப்பு நோய்க்கான காத்திருப்பு 24 மாதம் மீதி என்று முழுசாக இருந்தது. பையன்கள் பார்த்தார்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மகளிடம் சொன்னபோது அவள் அழவில்லை, "அந்த அக்காவா அனுப்புனாங்க?" என்று கேட்டாள். எனக்கு அது இன்னும் கஷ்டமாக இருந்தது. அனுப்பியது ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன், பழைய ஃபைலில் இருந்த என் நம்பரை எடுத்திருக்கிறான். அந்த அம்மா அன்று மாலையே மகளுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டார். என்னிடம் கேட்பதற்கு முன்னால் அவளிடம் கேட்டார். அதற்குப் பிறகு செய்தி அவள் நம்பருக்கு மட்டும் போகிறது, நோயின் பெயர் இருப்பதில்லை. சரி செய்தார்கள், ஆனால் நடந்தது நடந்ததுதான். கதவைச் சாத்திப் பேசுகிற ஆபீஸ், செய்தி அனுப்பும்போதும் அதே கவனத்தோடு இருந்திருக்க வேண்டும்.

மற்றபடி சின்னக் குறைகள். லிஃப்ட் இல்லை, என் அம்மாவை மேலே ஏற்ற முடியவில்லை. மார்ச் மாதம் போனை எடுக்க மாட்டார்கள். புதுப்பிக்கும்போது பிரீமியம் ஏறக்கூடும் என்பதை முதலிலேயே சொல்லியிருக்கலாம், 1,100 ரூபாய் ஏறியது எங்களுக்கு எதிர்பாராதது.

இந்த ஆபீஸின் வேலை என்ன என்று எனக்கு முழுசாகப் புரிந்தது இந்த வருஷம் ஜனவரியில். ராத்திரி பதினோரு மணிக்கு மகளுக்கு வயிற்றுவலி. ஸ்கேனில் குடல்வால் என்றார்கள், காலையில் ஆபரேஷன். ஆஸ்பத்திரியில் கேஷ்லெஸ், அதாவது கம்பெனியே நேராக ஆஸ்பத்திரிக்குப் பணம் கட்டுகிற வசதி, கேட்டோம். சேர்க்கும் தாளில் அதே வரி: வலிப்புக்கு மருந்து எடுப்பவர். அதைப் பார்த்ததும் என் மனைவியின் முகம் மாறிவிட்டது. அனுமதி கேட்டால் ஒரு மணி நேரத்துக்குள் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும் என்பது 2024இல் வந்த விதி. எங்களுக்கு ஒப்புதல் வரவில்லை, கேள்விதான் வந்தது. வலிப்பு எப்போதிருந்து, முன்பே அறிவித்தீர்களா என்று.

காலை ஏழு மணிக்கு அந்த அம்மாவைக் கூப்பிட்டேன். பதறாமல், "பாப்பாகிட்டப் போனைக் குடுங்க" என்றார். அவளிடம், ப்ரொபோசல் ஃபார்மின் காப்பியை அனுப்பலாமா என்று அனுமதி கேட்டுவிட்டு, நான்காவது பக்கத்தையும் கூடவே கம்பெனியின் லோடிங் கடிதத்தையும் அனுப்பினார். அந்தப் பக்கத்தில் வலிப்பு நோய் உண்டா என்ற கேள்விக்கு நேரே 'ஆம்' என்ற டிக், 2017 என்ற வருஷம், மருந்தின் பெயர், மகளின் கையெழுத்து எல்லாம் இருந்தது. பத்தரை மணிக்கு ஒப்புதல் வந்தது. அதற்குள் ஆபரேஷன் முடிந்திருந்தது. பில் 1,12,000. கையுறை, பஞ்சு, பதிவுக் கட்டணம் என்று 6,800 ரூபாய் மட்டும் நாங்கள் கட்டினோம். அப்படி ஒரு தொகை கட்ட வேண்டி வரும் என்பதையும் அவர் முதல் நாளே தாளின் ஓரத்தில் எழுதியிருந்தார்.

வார்டுக்கு வந்த பிறகு மகள் அந்த நான்காவது பக்கத்தைப் போனில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னம்மா பார்க்கிறாய் என்றேன். "நான் போட்ட டிக்" என்றாள்.

என் மைத்துனனும் அங்கே போனான், அவன் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். மன அழுத்தத்துக்கு மருந்து எடுக்கிறவன். மனநோய்க்கு எந்தக் கம்பெனியும் பாலிசி தராது என்று நினைத்துக்கொண்டிருந்தான். 2017ஆம் வருஷத்து மனநலச் சட்டத்தின் 21ஆவது பிரிவு, உடல்நோய்க்கு எந்த அடிப்படையில் இன்சூரன்ஸ் தருகிறார்களோ அதே அடிப்படையில் மனநோய்க்கும் தர வேண்டும் என்கிறது. அதை எடுத்துக் காட்டி, கூடவே, கவுன்சலிங்குக்கு வெளிநோயாளியாகப் போகும் செலவு அவன் பார்த்த பாலிசியில் வராது என்பதையும் சொல்லியிருக்கிறார். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார் என்று மைத்துனன் சொன்னான். அவன் இன்னும் முடிவு எடுக்கவில்லை. எடுக்கச் சொல்லி அங்கிருந்து ஒரு போன்கூட வரவில்லையாம்.

இப்படி ஒரு ஆபீஸ் உங்கள் ஊரிலும் இருக்கலாம். போகிறவர்கள் பழைய டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டு, ஏற்கெனவே நிராகரித்த கடிதம் இருந்தால் அது, எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். ஃபார்மில் 'எப்போதாவது இருந்ததா' என்று கேட்டிருந்தால், இப்போது இல்லாவிட்டாலும் எழுத வேண்டும் என்பார்கள், அதற்குத் தயாராகப் போங்கள். நோய் உள்ளவர் வயது வந்தவர் என்றால் அவரையே பேச விடுங்கள். செய்தி எந்த நம்பருக்கு வர வேண்டும் என்பதை முதல் நாளே எழுதிக் கொடுத்துவிடுங்கள். அண்ணா நகர் ஆபீஸில் மதியம் மூன்று மணிக்கு மேல் கூட்டம் குறைவு, பின் அறையும் அப்போதுதான் காலியாக இருக்கும்.